கம்ப்யூட்டர் கேள்வி பதில்: மண்டிக் கணக்கும் விண்டோஸ் 11-ம்

கேள்வி: எங்களுக்கு அரிசி மண்டி. 1997-ல் ஒருவர் எழுதிக்கொடுத்த டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமில்தான் இன்றுவரை பற்று வரவு. எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. விண்டோஸ் 11 உள்ள புதியதில் காப்பி செய்து திறந்தால், 'இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது' என்று நீலப்பட்டை வருகிறது. கம்பாட்டிபிலிட்டி மோடு போட்டும் பயனில்லை. பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: போட்டுவிடாதீர்கள் அம்மா! முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். புதுச்சேரி நெல்லித்தோப்பில் நான் கடை வைத்திருந்தபோது, மளிகைக்காரர் ஒருவர் "எல்லாம் காப்பி பண்ணிட்டேன்" என்று பென் டிரைவோடு வந்தார். உள்ளே இருந்தது டெஸ்க்டாப் ஷார்ட்கட் மட்டும். காயலான் கடைக்கு ஓடினோம். அதற்குள் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள்.

ஆகவே ஃபோல்டரை முழுசாக எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளில்தான் உங்கள் கணக்கு இருக்கிறது. அதில் ஒரு நகலை லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறந்தால் பார்ட்டி பெயரும் பாக்கியும் தெரியும். தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இனி கோளாறுக்கு வருவோம். கம்பாட்டிபிலிட்டி மோடு என்பது, 'நீ எக்ஸ்பியில்தான் ஓடுகிறாய்' என்று புரோகிராமிடம் சொல்லும் பொய். உங்கள் புரோகிராமுக்கு அந்தப் பொய் போதாது. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் சங்கதி; பிட் என்பது சிப் ஒரே மூச்சில் கையாளும் தகவலின் அளவு. பழைய எக்ஸ்பி 32 பிட் என்பதால் டாஸ் புரோகிராமை ஓட்டும் பகுதி அதற்குள் இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே வரவில்லை. எந்த டிக்கைப் போட்டாலும் எடுத்தாலும் இதேதான்.

வழி இருக்கிறது. வி-டாஸ் (vDos) என்றொரு மென்பொருள், விண்டோஸுக்குள் ஒரு டாஸ் கம்ப்யூட்டர் போல நடிக்கும். டாஸ்பாக்ஸ் என்பதும் உண்டு, ஆனால் அது விளையாட்டுகளுக்காகச் செய்தது; பில் அடிக்க வேண்டிய உங்களுக்கு முன்னதுதான் தோது. மண்டி ஃபோல்டரை சி டிரைவில் நேராக வையுங்கள், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வேண்டாம். ஃபோல்டர் பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். 'அரிசி மண்டி புதியது' என்றெல்லாம் வைத்தால் டாஸ் விழிக்கும். முதல் நாள் பத்து பில் போட்டு, பழைய நோட்டோடு கூட்டலைச் சரிபாருங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள்.

கேள்வி: விபி 6-ல் (விஷுவல் பேசிக்) எழுதிய எங்கள் நூலக மென்பொருள், 'எம்எஸ்காம்சிடிஎல் ஓசிஎக்ஸ் இல்லை, பிழை 339' என்கிறது.
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: இது எளிது. ஓசிஎக்ஸ் என்பது, பொத்தான், பட்டியல் போன்றவற்றைக் காட்ட உங்கள் மென்பொருள் இரவல் வாங்கும் துணைக் கோப்பு. பழைய கம்ப்யூட்டரிலிருந்தோ இன்ஸ்டால் சிடியிலிருந்தோ அந்தக் கோப்பை எடுத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்வாவ்64-ல் (SysWOW64) போடுங்கள். சிஸ்டம்32-ல் அல்ல. 64 என்ற பெயருள்ள வீட்டில் 32 பிட் கோப்புகள் குடியிருக்கின்றன, 32 என்ற வீட்டில் 64 பிட். யார் வைத்த பெயரோ! அப்புறம் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, அந்த ஃபோல்டருக்குள் போய், ரெக்எஸ்விஆர்32 (regsvr32) என்ற கட்டளையைக் கொடுத்துக் கோப்பைப் பதிவு செய்யுங்கள். கண்ட தளத்திலிருந்து ஓசிஎக்ஸ் இறக்காதீர்கள். கூடவே வைரஸும் வரும்.