பெண் தத்துவவாதிகள் எங்கே போனார்கள்?

கேள்வி: முதுகலைத் தத்துவப் பாடத்தில் டெக்கார்ட், லாக், லைப்னிஸ் என்று ஆண்களையே படிக்கிறோம். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் தத்துவம் எழுதவில்லையா? ஐலீன் ஓ'நீல் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தவர் என்று அறிந்தேன். அவர் செய்தது என்ன?

பதில்: எழுதினார்கள், அவற்றுள் பல அச்சிலும் வந்தன. அவை பின்னர் எப்படிக் காணாமற்போயின என்பதே, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பணியாற்றி 2017இல் மறைந்த ஓ'நீல் எழுப்பிய கேள்வி.

அவருடைய தொடக்ககால ஆய்வு டெக்கார்ட்டைப் பற்றியது. மனமும் உடலும் முற்றிலும் வேறான பொருள்கள் என்றால் ஒன்று மற்றொன்றை எவ்வாறு இயக்கும் என்ற சிக்கலில், டெக்கார்ட்டின் நிலைப்பாடு முரணற்றது என்று 1987இல் வாதிட்டார். இதே ஐயத்தை 1643இல் டெக்கார்ட்டிடமே கடிதம் எழுதிக் கேட்டவர் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத். டெக்கார்ட் அவருக்கு எழுதிய பதில்கள் 1657 முதலே அச்சில் கிடைத்தன. இளவரசியின் கடிதங்களோ 1879இல்தான் வெளியாயின. வெளியிட வேண்டாம் என்று தடுத்தவர் இளவரசியே என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா மறைவுக்கும் பிறர் சதியைக் காரணமாக்க முடியாது.

1998இல் வெளியான 'மறையும் மை' என்ற கட்டுரையில் ஓ'நீல் இந்த மறைவின் காரணங்களை ஆராய்ந்தார். பெயரின்றி வெளியிடும் வழக்கம் ஒரு காரணம்: ஆங்கிலத் தத்துவவாதி ஆன் கான்வேயின் நூல், அவர் இறந்த பின் 1690இல் பெயரில்லாமல் லத்தீனில் வந்தது. ஆனால் இன்னொரு ஆங்கிலத் தத்துவவாதியான மார்கரெட் கேவென்டிஷ் தம் பெயரைத் துணிந்து அச்சிட்டவர், அவரும் மறக்கப்பட்டார். ஆகவே, சமயமும் பெண்கல்வியும் பற்றிய எழுத்துகளைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் 'தத்துவம் அல்ல' என்று வகைமாற்றியதே வலுவான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எவரையும் பெயர் சொல்லி விலக்காமலே, எல்லைக்கோட்டை நகர்த்தியதன் மூலம் பலரை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

ஓ'நீல் 2001இல் செய்த பதிப்புப் பணி அந்தக் கட்டுரைக்குச் சற்றும் குறைந்ததன்று. கேவென்டிஷ் 1666இல் வெளியிட்ட, பரிசோதனைத் தத்துவம் (சோதனைகள் மூலம் இயற்கையை ஆராயும் முறை) குறித்த நூலை முன்னுரையோடு கேம்பிரிட்ஜ் பதிப்பாகக் கொண்டுவந்தார். மறந்துபோன பெயர்களைப் பட்டியலிடுவது எளிது; மூலநூல் மாணவர் கைக்கு வராதவரை எந்த ஆசிரியராலும் அதைப் பாடமாக வைக்க முடியாது. பதிப்பாசிரியரின் உழைப்பைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை என்பது தனி வருத்தம்.

கேள்வி: பெண் என்பதற்காகவே ஒருவரைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது முறையா?

பதில்: அதற்காக மட்டும் என்றால் முறையன்று. கேவென்டிஷின் நூலையே பாருங்கள்: ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665இல் நுண்ணோக்கியின் பெருமையை எழுத, பொருள்களின் மேற்பரப்பை மட்டும், அதுவும் திரித்துக் காட்டும் கருவி அவற்றின் உள்ளியல்பை எப்படி விளக்கும் என்று மறுத்து, பருப்பொருள் தானே இயங்கும், அறியும் ஆற்றல் உடையது என்ற தம் கொள்கையையும் கேவென்டிஷ் அதில் நிறுவ முயன்றார். கான்வேயின் கருத்துகளுக்குத் தம் கருத்துகள் நெருக்கமானவை என்று லைப்னிஸே கடிதத்தில் எழுதியிருக்கிறார். லைப்னிஸைப் பாடமாக வைப்பவர்கள் கான்வேயை விட்டுவிடுவதற்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எலிசபெத்தின் கடிதங்களே ஏற்றவை. லிசா ஷபீரோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2007இல் வெளிவந்துள்ளது.