சினிமா கேள்வி – பதில்: ஜூலி டெல்பியும் இரண்டு மொழி வீடும்

ஜூலி டெல்பி பிரெஞ்சு நடிகையா, அமெரிக்க நடிகையா? வெறும் கதாநாயகிதானா?
– கல்லூரி மாணவி, ஊட்டி

இரண்டு நாட்டுக்கும் சொந்தக்காரர். 1969-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ஆல்பர் டெல்பி, அம்மா மரி பில்லே இருவருமே நடிகர்கள். பதின்ம வயதிலேயே பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'டிடெக்டிவ்' (1985) படத்தில் நடித்தார். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்பட இயக்கம் படித்தார். 2001-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 'பிஃபோர் சன்செட்' (2004), 'பிஃபோர் மிட்நைட்' (2013) இரண்டிலும் திரைக்கதையில் அவர் பங்கு உண்டு. இரண்டுக்கும் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அவரைக் கதாநாயகி என்று மட்டும் சொல்வது அநியாயம்.

எங்கள் வீட்டில் படுகர் மொழியான படுகு பேசுவோம். மாப்பிள்ளை மதுரைக்காரர், அவருக்குப் படுகு தெரியாது. '2 டேஸ் இன் பாரிஸ்' பார்த்ததும் இதையே ஒரு குறும்படமாக எடுக்கலாம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் தமிழில் டப்பிங் செய்துவிடலாமா?
– ஆசிரியை, கோத்தகிரி

தயவுசெய்து வேண்டாம். டப்பிங் செய்த அடுத்த நிமிடமே உங்கள் படம் காலி.

2007-ல் வந்த அந்தப் படத்தை எழுதி, இயக்கி, எடிட் செய்து, இசையும் அமைத்து, நாயகியாகவும் நடித்தவர் டெல்பி. பிரெஞ்சுக்காரி மரியோன், அமெரிக்கக் காதலன் ஜாக்கைப் பெற்றோர் வீட்டுக்கு அழைத்து வருகிறாள். முயல் கறி விருந்து. மேஜையைச் சுற்றிப் பிரெஞ்சு பொழிகிறது, ஜாக்குக்கு எதுவும் பிடிபடவில்லை. மரியோன் சிலதை மொழிபெயர்க்கிறாள், சிலதைப் பூசி மெழுகுகிறாள், சிலதை விழுங்கிவிடுகிறாள். நமக்கோ சப்டைட்டிலில் எல்லாம் தெரிகிறது. சிரிப்பும் சங்கடமும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. எல்லோரையும் ஒரே மொழி பேச வைத்தால் ஜாக்குக்குப் புரியாமல் போக வழியே இல்லை.

ஆகவே வசனம் எழுதும் முன் தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: வீட்டார், மாப்பிள்ளை, பார்வையாளர். ஒவ்வொரு வசனத்துக்கு நேராகவும் மூவரில் யாருக்குப் புரியும் என்று குறியுங்கள். மூவருக்கும் புரிகிற வசனம் ஒரு பக்கம் முழுக்க நீண்டால் காட்சி சப்பென்று போகும். மாப்பிள்ளையின் திகைப்பைப் பார்வையாளரும் உணர வேண்டிய இடத்தில் படுகு வசனத்துக்குச் சப்டைட்டில் போடாமல் விடலாம், ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் நீட்டினால் பார்ப்பவர்கள் கோப்பில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். மகள் பூசி மெழுகும் இடத்தில் படுகு மூல வசனம், அவள் சொல்லும் தமிழ் இரண்டும் பார்வையாளருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

சப்டைட்டில் முதலில் சரியாக ஓடுகிறது, போகப் போக வசனத்தை முந்திக்கொள்கிறது. ஏன்? தமிழில் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து வைப்பது?
– குறும்படக் குழுவினர், குன்னூர்

பிசகு தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவாக இருந்தால் மொத்தத்தையும் அத்தனை வினாடி தள்ளினால் போதும். போகப் போகக் கூடினால் ஃப்ரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு, பொருந்தவில்லை என்று அர்த்தம். சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம், ஐரோப்பியத் தொலைக்காட்சி 25. 24-ல் ஒரு மணி நேரம் ஓடும் படம் 25-ல் 57 நிமிடம் 36 வினாடியில் முடிந்துவிடும். அந்தப் பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை 24 ஃப்ரேம் படத்தில் ஏற்றினால் ஒரு மணி நேர முடிவில் 2 நிமிடம் 24 வினாடி முந்தும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் ஃப்ரேம் ரேட்டை 25-லிருந்து 24-க்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரும்.

எழுத்துக் கணக்கில் மென்பொருளை நம்பாதீர்கள். வரிக்கு 42 என்பது ஆங்கிலத்துக்கான அளவு. தமிழில் புள்ளியையும் கொம்பையும் காலையும் அது தனியாக எண்ணும். 'தொட்டபெட்டா' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, அதன் கணக்கில் 11. வரிக்கு நான்கைந்து சொல், ஒரு சமயத்தில் இரண்டு வரி, குறைந்தது ஒரு வினாடி, அதிகபட்சம் ஆறேழு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'என்று' மட்டும் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு நிற்பது படிக்கிறவரைத் தடுக்கும்.

டெல்பி தன் சொந்தப் பெற்றோரையே நடிக்க வைத்தாராமே. நானும் என் அம்மாவையும் சித்தப்பாவையும் வைத்து எடுக்கலாமா?
– புகைப்படக் கலைஞர், கொடைக்கானல்

'2 டேஸ் இன் பாரிஸ்' படத்தில் மரியோனின் பெற்றோராக வருவது டெல்பியின் பெற்றோர்தான். ஆனால் அவர்கள் தொழில்முறை நடிகர்கள், அதை மறக்க வேண்டாம். உங்கள் வீட்டார் நடித்துப் பழகாதவர்கள் என்றால் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். காட்சியில் யாருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு கேமராவில் நீளமாக ஓட விடுங்கள். ஒரே கேமராவில் அம்மாவைத் திரும்பத் திரும்பப் பேச வைத்தால் மூன்றாவது டேக்கில் பேச்சு ஒப்பிப்பதாகிவிடும்.

ஒலியில்தான் பெரும்பாலான குடும்பப் படங்கள் கெடுகின்றன. இரண்டு பேர் இரண்டு மொழியில் ஒரே நேரத்தில் பேசினால், ஒரே மைக்கில் பதிந்ததை எடிட்டிங்கில் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆளுக்கொரு காலர் மைக், தாடைக்கு ஒரு சாண் கீழே, தனித்தனி டிராக். உரத்த சொல்லுக்கும் ஒலிப்பதிவு மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் 30 வினாடி அறையின் ஒலியைப் பதியுங்கள். வெட்டு விழும் இடங்களை நிரப்ப அதுதான் கைகொடுக்கும். ஸ்வெட்டருக்குள் மைக்கை மறைத்தால் கம்பளி உரசும் சத்தம் வசனத்தை அரித்துவிடும், வெளியே குத்துங்கள்.

மலையில் இன்னொன்று: குளிரிலிருந்து அடுப்பு எரியும் அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுவந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். வெளியிலேயே மூடிய பைக்குள் வைத்து, உள்ளே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறக்கவும்.

டெல்பி இயக்கியதில் குடும்பத்தோடு பார்க்க ஏதாவது?
– இல்லத்தரசி, கூடலூர்

'லெ ஸ்கைலாப்' (2011). 1979 கோடையில் பாட்டியின் பிறந்தநாளுக்குப் பிரிட்டானியில் கூடும் பெரிய குடும்பம், ஸ்கைலாப் விண்வெளி நிலையம் தலையில் விழுமோ என்ற பயம். அந்தப் பயம் அப்போது நம் நாட்டிலும் இருந்தது, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். பெரியவர்களின் பேச்சு சில இடங்களில் பச்சையாகவே இருக்கும். குழந்தைகளோடு உட்காரும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.