தூக்குமேடையும் தவணைத் திகதியும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மரண தண்டனை வேண்டாம் என்று போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அத்தானை 2016இல் ஒரு வேலித் தகராறில் வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவன் பிணையில் வந்து இப்போது எங்கள் ஒழுங்கையால்தான் மோட்டார் சைக்கிளில் போகிறான். சத்தம் கேட்டால் அக்கா கேற்றைச் சாத்திவிடுவார். வழக்கு மேல் நீதிமன்றத்தில் தவணை தவணையாகத் தள்ளிப்போகிறது.

எங்கள் மாமா சவூதியில் பதின்மூன்று வருடம் வேலை செய்தவர். தலை போகும் என்ற பயத்தால்தான் அங்கே கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போகிறார்கள் என்பார். கொலையிற் கொடியாரை அரசன் ஒறுப்பது பயிரில் களை பிடுங்குவதுபோல என்று வள்ளுவரே சொன்னார். நீங்களும் வயல் செய்த குடும்பம்தானே? இலங்கையில் 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை. அப்படியானால் யாருக்குப் பயம் வரும்? ஐஸ் போதைப்பொருள் விற்கிறவனுக்கு வருமா? உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் அந்தக் கட்டுரையை எழுதியிருப்பீர்களா?

ஒரு வாசகி,
அக்கரைப்பற்று

*

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எழுதியிருக்க மாட்டேன். எழுத மனம் வந்திருக்காது. அந்தக் கட்டுரையில் கொல்லப்பட்டவரின் வீட்டைப் பற்றி ஒரு பத்தியாவது இருந்திருக்க வேண்டும். இல்லை. அது என் பிழை. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனாலும் என் நிலைப்பாடு மாறவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அந்தக் கட்டுரையில் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

1986. எனக்குப் பதினொரு வயது. எங்கள் வயல் வட்டையில் ஒரு தண்ணீர்ப் பம்ப் களவுபோனது. மூன்றாம் நாள் விடியற்காலை, சந்தியில் இருந்த லைட் போஸ்ட்டில் ஒரு மனிதரைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. ‘சமூக விரோதி’ என்று நல்ல வடிவான கையெழுத்தில் எழுதியிருந்தது. எந்த ஆயுத இயக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வருடங்களில் இதைச் செய்தது ஒரு இயக்கம் மட்டும் அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் என் வயதுக்காரர் பலருக்கு இப்படி ஒரு போஸ்ட் நினைவில் இருக்கும்.

அன்று ஊரில் பலர் சரிதான் என்றார்கள். அதை மறைக்க மாட்டேன். பொலிசுக்குப் போனால் வருடக்கணக்கில் அலைய வேண்டும், இங்கே மூன்றே நாளில் காரியம் முடிந்துவிட்டது என்று தேநீர்க் கடையில் பேசினார்கள். என் பெத்தா (பாட்டி) மட்டும் முற்றம் கூட்டிக்கொண்டே கேட்டார்: “ஆராவது அவன்ட வாயைக் கேட்டாங்களா மனே?” அன்று எனக்கு அது விளங்கவில்லை. அந்த மனிதரின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போனார். பம்ப்பை அவர்தான் எடுத்தாரா என்று எங்கள் ஊரில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. அடுத்த போகத்திலும் ஒரு பம்ப் களவுபோனது.

அது இயக்கம், நான் கேட்பது நீதிமன்றம் என்பீர்கள். சரி, நியாயமான மறுப்பு. அப்போ மாமா சொன்ன சவூதிக்கே போவோம். மூதூர் ரிசானா நபீக்கை அக்கரைப்பற்றில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2005 மே மாதத்தில் பணிப்பெண்ணாகப் போனார். போன சில வாரங்களிலேயே அவர் பொறுப்பில் இருந்த நாலு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்றார் அவர். கழுத்தை நெரித்தார் என்றது அந்த வீடு. கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982, உண்மையில் 1988. அதாவது சம்பவம் நடந்தபோது வயது 17. முதல் விசாரணையில் அவருக்குச் சட்டத்தரணி இல்லை. அவருடைய தமிழை அரபுக்கு மாற்றியவர் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பது பிறகுதான் தெரியவந்தது. அப்போது எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் பின்னால் மறுத்தார். 2007இல் தீர்ப்பு. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள். அது லைட் போஸ்ட் அல்ல தங்கச்சி. நீதிபதிகள் இருந்தார்கள், மேன்முறையீடு இருந்தது, இடையில் ஏழு வருடத்துக்கு மேல் அவகாசமும் இருந்தது. இவ்வளவு இருந்தும் அந்தப் பிள்ளையின் வாயை ஒழுங்காகக் கேட்டார்களா?

நம்முடைய நாட்டிலும் இதைப் பார்த்துவிட்டோம். நல்லரத்தினம் சிங்கராசா 1993இல் மட்டக்களப்பில் கைதானவர். தனக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைக்கச் செய்தார்கள் என்றார். வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருக்கவில்லை. அந்தத் தாளை வைத்தே அவருக்கு 50 வருடச் சிறை விதித்தார்கள், மேன்முறையீட்டில் 35 ஆனது. அவருடைய வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது 2004இல். பதினொரு வருடம் கழித்து. நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தபடியால்தான் அந்த வாதமே நடந்தது. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் பொலிசில் எழுதிய முறைப்பாட்டைத் திருப்பி வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தவர் உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அந்தக் கையெழுத்தின் மேல் ஒரு தூக்குக்கயிற்றைத் தொங்கவிட எனக்குத் துணிவில்லை.

குறளைச் சொன்னீர்கள். வள்ளுவர் அங்கே கொலைத் தண்டனையைச் சொல்லவில்லை என்று நான் சுற்றிவளைக்கப் போவதில்லை. பரிமேலழகரும் கொலைத் தண்டனை என்றுதான் உரை எழுதியிருக்கிறார். ஆனால் அதே செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள். ஓர்ந்து, யாரிடமும் கண்ணோட்டம் காட்டாமல், தேர்ந்து செய்வதுதான் முறை என்று அதிகாரத்தைத் தொடங்குகிறார். களை பிடுங்கச் சொல்வது அதன் கடைசிக் குறளில். வயல்காரியான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கதிர் தள்ளும்வரை நெல்லைப் போலவே நிற்கும் புல் இருக்கிறது. அதைப் பிடுங்க அனுபவமுள்ள பெண்களைத்தான் இறக்குவோம். அவர்கள் கையிலும் நெல் சேர்ந்து வரும்.

பயம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெட்டுகிற நேரத்தில் வேலிச் சண்டைக்காரன் சட்டப் புத்தகத்தை நினைப்பதில்லை. ஐஸ் விற்பவன் நினைப்பான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022இல் திருத்திய சட்டப்படி 5 கிராம் ஐஸ் இருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். ஹெரோயினுக்கு 2 கிராம். அந்த அளவு பொதியோடு பொலிசில் மாட்டுவது யார்? படகில் கிலோக் கணக்கில் இறக்குகிறவனா, முச்சக்கர வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிற நம் பொடியனா? 2019இல் அன்றைய ஜனாதிபதி நான்கு போதைப்பொருள் கைதிகளைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டார். தூக்குப் போடும் அலுகோசு வேலைக்கு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். உயர் நீதிமன்றம்தான் தடுத்து நிறுத்தியது.

இனி உங்கள் பக்கத்தின் மிகப் பலமான வாதம். அதை நீங்கள் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். இந்த நாட்டில் ஆயுள் தண்டனை என்றாலும், தூக்கிலிடாத மரண தண்டனை என்றாலும், சிறை ஆயுள்வரை அல்ல. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில், விட்டுவந்த வீடுகளைப் பார்க்கப் போன எட்டுப் பேரைக் கொன்றார்கள், ஐந்து வயதுக் குழந்தை உட்பட. பதினைந்து வருடம் கழித்து ஒரு இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தூக்கிலிட்டிருந்தால் மன்னிக்க ஆள் இருந்திருக்காதே என்று எனக்கே தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. பிறகு யோசித்தேன். தூக்குக் கடதாசியில் கையெழுத்து வைக்கும் பேனாவும் அதே பேனாதான். வேண்டியவனை விடும், நாதியில்லாதவனைத் தொங்கவிடும். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் கொடுத்த மன்னிப்பை 2024இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நான் பிடித்துக்கொள்ள விரும்புவது இந்த வழியை: கொலைக்குத் தீர்ப்பு வர வேண்டும், வந்த தீர்ப்பை ஒருவர் ஆசைப்பட்டு அழிக்க முடியாமல் இருக்க வேண்டும்.

ஒன்றுக்கு என்னிடம் பதிலே இல்லை. வெட்டியவன் சிறையில் இருந்தாலும் சாப்பிடுவான், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பான். உங்கள் அத்தானால் அது முடியாது. எந்தத் தண்டனையாலும் இந்தக் கணக்கை நேராக்க முடியாது. அக்கா எழுந்து போனது சரிதான்.

ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அக்கா கேற்றைச் சாத்துவது, அவனைத் தூக்கிலிடாததால் என்று எனக்குப் படவில்லை. தீர்ப்பு என்று ஒன்று இன்னும் வராததால், அவன் செய்தது குற்றம் என்று ஒரு நீதிபதி வாயால் அவர் இன்னும் கேட்காததால்தான். ஒவ்வொரு தவணைக்கும் அவர் தனியாகத்தான் போகிறாரா? சாட்சி சொல்ல வந்தவர்கள் இப்போதும் வருகிறார்களா, பயந்து நின்றுவிட்டார்களா? அரச சட்டத்தரணியிடம் பேசினீர்களா? பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கென்று 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. அவன் ஒழுங்கையால் போய்ப் பயமுறுத்தினால் அதன் கீழ் முறையிடலாம். அந்த முறைப்பாட்டை எழுத நான் உதவுகிறேன். தமிழில் எழுதுவோம், எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டே கையெழுத்து வைக்கச் சொல்வோம்.

அடுத்த தவணை எப்போது என்று எழுதுங்கள். எங்கள் சந்தியில் இருந்து காலை ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. வந்து, பெயர் கூப்பிடும்வரை அக்காவோடு வாங்கில் இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்