பிஸ்கட் டப்பாவில் மட்டி ஓடுகள், விற்பனைக்கு மூன்று மா நிலம்

மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க, திருவையாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா, அம்மா, மகள் என மூவர் வந்திருந்தார்கள். மகள் இரண்டாம் முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்தை விற்று அவளை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்லி பெரிய மாமா கட்டளையிட்டிருக்கிறார். அம்மா அழுதார். நானும் ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன்.

அப்போது அந்தப் பெண் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். பஞ்சுக்குள் ஆற்று மட்டி ஓடுகள் இருந்தன. மட்டி என்றால் சிப்பி மாதிரி இரட்டை ஓட்டுக்குள் வாழும் உயிர். ஒவ்வொன்றிலும் தேதி, படித்துறையின் பெயர், நீளம். "ஆறாம் வகுப்பு படிக்கும்போது குடமுருட்டி ஆற்றில் உயிரோடு கிடைக்கும் சார். இப்போது காலி ஓடுதான்" என்றாள். அதற்கு மேல் எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

ஐயா, நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தொழில் செய்ய இன்னொரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். மாமாவுக்கு ஒரு டாக்டர் வேண்டுமென்றால் அவருடைய நிலத்தை விற்கட்டும். பொறியியல், நர்சிங் பற்றியெல்லாம் உங்களுக்கு எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் உண்டு. நான் அந்த டப்பாவைப் பற்றிப் பேசுகிறேன்.

மட்டி மணலில் பாதி புதைந்து, தண்ணீரை உறிஞ்சி, பாசியையும் பாக்டீரியாவையும் சலித்துத் தின்றுவிட்டுத் தெளிந்த நீரை வெளியே விடுகிறது. சம்பளம் கேட்காத வடிகட்டி. அதன் குஞ்சு பிழைக்க மீன் வேண்டும். மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில நாள், சில வாரம் ஒட்டி வளர்ந்த பிறகே மணலில் விழுந்து தனியாக வாழத் தொடங்கும். மீன் வராவிட்டால் அதற்கு வாரிசு இல்லை. மணலை அள்ளினால் வீடும் இல்லை. ஆனால் பெரிய மட்டிகள் அப்போதும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். பிள்ளைகளெல்லாம் துபாய்க்குப் போய்விட்ட தெரு மாதிரி, வெளியிலிருந்து பார்த்தால் ஆள் நடமாட்டம் தெரியும். அதனால்தான் எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து, சின்னவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உங்கள் மகள் யாரும் சொல்லித்தராமலே அந்த அளவைக் குறித்திருக்கிறாள்.

இழந்தபின் விழித்துக்கொண்ட நாடு அமெரிக்கா. 2023இல் 21 உயிரினங்கள் அற்றுப்போனதாகச் சொல்லி அந்த அரசு தன் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவற்றில் எட்டு, ஆற்று மட்டிகள். விஸ்கான்சினில் ஜெனோவா மீன்பண்ணையில் மட்டிக் குஞ்சுகளை மீனில் ஒட்டவைத்து வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். நம் பக்கத்திலோ, கர்நாடக ஆறுகளில் பாறையோடு ஒட்டி வாழும் சூடோமுல்லேரியா டாலியி என்ற அரிய மட்டி இனமே அழியும் நிலையில் இருக்கிறது. இரண்டு ஓடும் சேரும் இடத்தில் பல் போலிருக்கும் மேடுகளைப் பார்த்து இனம் சொல்லக்கூடியவர்கள் இந்தியாவில் மிகக் குறைவு.

படிப்பு எளிது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். கட்டணம் சில ஆயிரம். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பிறகு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அடுத்து சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், அதாவது ஆய்வுக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு. இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். அதன்பின் இந்திய விலங்கியல் ஆய்வகம், பெங்களூரு ஏட்ரீ போன்ற ஆய்வு நிறுவனங்கள், அணைக்கும் பாலத்துக்கும் முன் சூழல் பாதிப்பைக் கணக்கிடும் ஆலோசனை நிறுவனங்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: நெட் தேறாவிட்டால் திட்டத்துக்குத் திட்டம் தாவும் வேலைதான். சம்பளம் குறைவு. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் மணலைத் துழாவ வேண்டும். முப்பது வயதுக்குள் கார் வாங்குவாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பாதையில் தோற்றாலும் நிலம் உங்களிடம் இருக்கும்.

இடையில் யாராவது "மட்டி வளர்த்து முத்து எடுக்கலாம், லட்சக்கணக்கில் வருமானம்" என்று பயிற்சிக்குப் பணம் கேட்டு வருவார்கள். முத்து வளர்ப்பு உண்மையான தொழில். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனமே அதைக் கற்றுத்தருகிறது. கற்க ஆசையென்றால் அங்கே போகட்டும். ஆற்றில் மிஞ்சியதை மூட்டை கட்டி விற்பவர்களோடு மட்டும் சேர வேண்டாம்.

அம்மா, மாமாவிடம் நீங்கள் பேச வேண்டாம், என் எண்ணைக் கொடுங்கள். வெளிநாட்டுக் கல்லூரி ஏஜென்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு திங்கள்கிழமை வாருங்கள். அப்படியே மகளுக்கு ஒரு வெர்னியர் அளவி வாங்கிக் கொடுங்கள். பள்ளி ஸ்கேலில் அளந்து அளந்து ஓட்டின் விளிம்பெல்லாம் உடைந்திருக்கிறது.