குறைந்த காசில் டிஸ்க் சேர்ப்பது எப்படி? – கேள்வி பதில்

திருச்சியிலிருந்து: சார், மாதம் 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஓடிடி சந்தாவும் இருக்கிறது. சினிமா டிஸ்க் (டிவிடி, அதைவிடத் தெளிவான ப்ளூரே) சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் வீட்டில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். ஓரமாகப் போட்ட பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3 கேம் பெட்டி) இருந்தால் அதுவே நல்ல ப்ளூரே பிளேயர். பிஎஸ்4-ம் அப்படித்தான், ஆனால் ப்ளூரேயைவிடத் துல்லியமான 4கே டிஸ்க் அதில் ஓடாது. 'ப்ரோ' என்று பெயர் போட்ட பிஎஸ்4-லும் ஓடாது. அதற்கு டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 வேண்டும். அப்புறம் ஒரு பட்டியல் எழுதுங்கள்: வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் பார்க்கிற படங்கள், ஓடிடியில் இன்று இருந்து நாளை காணாமல் போகிற படங்கள். இந்த இரண்டைத் தவிர வேறு எதற்கும் பர்ஸைத் திறக்காதீர்கள். 'விலை கம்மியாக இருக்கிறதே' என்று வாங்கியவைதான் என் அலமாரியில் இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கின்றன.

சென்னையிலிருந்து: பழைய மோசர் பேயர் டிவிடிகள் கிடைக்கின்றன. வாங்கலாமா?

மோசர் பேயர் மலிவு விலையில் டிஸ்க் விற்ற கம்பெனி. 2007-இல் அவர்கள் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியபோது திருட்டு டிஸ்க் விலைக்கே ஒரிஜினல் கிடைத்தது. எங்கள் தெரு மளிகைக் கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது நினைவிருக்கிறது. கம்பெனியே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. டிவிடி என்றால் வாங்குங்கள், விசிடியை விட்டுவிடுங்கள். விசிடியின் படம் 352x288 புள்ளிதான், டிவிடி 720x576. யார் வெளியிட்டதாக இருந்தாலும் '3 இன் 1' அட்டையைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். இரண்டு அடுக்கு டிவிடியிலேயே 8.5 ஜிபிதான் இடம். அதில் மூன்று தமிழ்ப் படத்தைத் திணித்தால் மழைக் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.

கோவையிலிருந்து: பழைய டிஸ்க்கில் கீறல் இருந்தால் ஓடுமா, ஓடாதா என்று கடையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அட்டையை நம்பாமல் பெட்டியைத் திறங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பத்து டிவிடி 200 ரூபாய் என்று திறக்காமல் அள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டு பெட்டிக்குள் குழந்தைப் பாட்டு விசிடி இருந்தது!

டிஸ்க்கை விளிம்பில் பிடித்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நடுவிலிருந்து வெளியே ஓடும் கீறல் அவ்வளவு ஆபத்தில்லை. பிளேயர் விட்டுப்போன தகவலைக் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். வட்டமாக, தடத்தோடு போகும் கீறல்தான் படத்தை நிறுத்தும். டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டிய சாண்ட்விச், தகவல் நடுவில் இருக்கிறது. அதனால் மேலோட்டமான கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். சிடி, விசிடியில் தகவல் லேபிளுக்கு அடியிலேயே இருப்பதால் அந்தப் பக்கம் கீறினால் கதை முடிந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஊசித்துளை மாதிரி ஒளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ப்ளூரேயில் தகவல் மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான். மேலே கெட்டியான பூச்சு இருப்பதால் எளிதில் கீறாது, ஆழமாகக் கீறிவிட்டால் பாலிஷும் உதவாது. பால் சிந்தினாற்போல் மங்கலோ பழுப்போ தெரிந்தால் டிஸ்க் உள்ளிருந்தே கெடுகிறது என்று அர்த்தம்.

துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். பல் பேஸ்ட் வைத்தியம் மட்டும் வேண்டாம்.

மதுரையிலிருந்து: அக்கா லண்டனில் இருக்கிறார். அங்கே சாரிட்டி கடைகளில் டிவிடி ஒரு பவுண்டாம். வாங்கிவரச் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் ரீஜன் பாருங்கள், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கில் போட்ட பூட்டு. டிவிடியில் பிரிட்டன் 2, இந்தியா 5. ப்ளூரேயில் பிரிட்டன் பி, இந்தியா சி, அமெரிக்காவும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் தொல்லையே கிடையாது. நம்மூரில் விற்ற மலிவு டிவிடி பிளேயர்கள் பல எதைப் போட்டாலும் ஓட்டும். கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதை வீணாக்காதீர்கள். ஐங்கரன் நிறுவனம் வெளியிட்ட தமிழ் டிவிடி கண்ணில் பட்டால் அக்கா யோசிக்காமல் எடுக்கட்டும். பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, டிஸ்க்கையும் அட்டைத் தாளையும் மட்டும் கொண்டுவந்தால் சூட்கேஸில் புளிக்கும் வடகத்துக்கும் இடம் மிஞ்சும். அட, அது இங்கிருந்து போகும்போதுதான்!

சிங்கப்பூரிலிருந்து: ஆன்லைனில் காசு கட்டி 'வாங்கிய' படம் என்னுடையதுதானே? அப்புறம் டிஸ்க் எதற்கு?

நீங்கள் வாங்கியது பார்க்கும் அனுமதி. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, இது உரிமம்தான் என்று விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனச் சட்டமே வந்துவிட்டது. 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என்று சோனி அறிவித்து, பிறகு பின்வாங்கியது.

சேலத்திலிருந்து: நடைபாதையில் 30 ரூபாய்க்குப் புதுப்படம்?

வேண்டாம். பின்பக்கம் ஊதா அடித்தால் அது வீட்டில் எழுதின டிஸ்க். திருட்டு என்பது ஒருபுறம், அந்தச் சாயம் வெயிலில் வெளுத்தும் போகும்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, முந்நூறு டிவிடி சேர்ந்துவிட்டது. இனி ஒன்று வந்தாலும் என்னையும் சேர்த்து வெளியே வைப்பதாக வீட்டில் சொல்கிறார்.

பெட்டியைக் கழற்றி, துணி உள்வைத்த உறைகளில் போட்டால் முந்நூறும் இரண்டு ஷூ பெட்டிக்குள் அடங்கும். அதைச் செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அடுத்த டிஸ்க்கை வாங்குங்கள். அதே நாளில் வேண்டாம்.