பழைய மெனுவல் கமராவில் 36 படம் எடுத்தும் பிலிம் வெறுமையாக வருவது ஏன்?

எண் 36 வரை போனது, கழுவிப் பார்த்தால் றோலில் ஒரு படமும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் பிலிம், அதைச் சுற்றியெடுக்கும் உருளையான ஸ்பூலில் பிடிபடவே இல்லை. கமரா எண்ணுவது பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்த தடவைகளை மட்டுமே. பிலிம் நகர்கிறதா என்று காட்டுவது இடப்பக்கம் மேலே உள்ள ரீவைண்ட் குமிழ்.

மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் நின்று பிலிம் மாற்றாதீர்கள். வெயிலை உடம்பால் மறைக்கலாம், மணலை முடியாது. றோலின் வாயில் உள்ள வெல்வெட்டில் ஒரு மணல் ஒட்டினாலும் பிலிமின் நீளத்துக்குக் கோடு விழும். வீட்டு விறாந்தை நிழல் போதும். பிரிட்ஜில் இருந்த றோலை டப்பா திறக்காமல் ஒன்றிரண்டு மணித்தியாலம் வெளியே விடுங்கள். நம் வாவிக்கரைக் காற்றில் உடனே திறந்தால் பிலிம் வேர்த்துவிடும்.

குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். றோலை இடப்பக்கக் குழியில் வைத்துக் குமிழை அமர்த்துங்கள். றோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் பிலிமின் நாக்கை வலப்பக்க ஸ்பூலின் வெட்டில் செருகி, கதவு திறந்தபடியே லீவரை ஒருக்கா இழுங்கள். மேல் கீழ் இரு கரைத் துளைகளிலும் பற்கள் ஏறிய பிறகுதான் மூட வேண்டும். நடுவில் இருக்கும் ஷட்டர் திரையில் விரல் படக்கூடாது. மெல்லியது, நெளிந்தால் போச்சு.

மூடியதும் குமிழின் மடக்குப் பிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றி, இறுக்கம் தட்டினதும் நிறுத்துங்கள். இனி லீவரை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் குமிழ் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லையா, திறந்து மறுபடி போடுங்கள். வீணாவது நாக்கும் அதையொட்டிய கொஞ்சமும்தான். எண் 1 வரும்வரை இரண்டு மூன்று வெற்று ஷொட் அடித்து, றோலில் உள்ள ஐஎஸ்ஓ எண்ணை (பிலிமின் வெளிச்ச உணர்வைக் காட்டும் எண்) டயலில் வையுங்கள்.

முடிவில் லீவர் பாதியில் நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். துளைகள் கிழியும், அல்லது பிலிமின் வால் றோலுக்குள் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் பற்சக்கரம் விடுபடும். சில கமராக்களில் சுற்றி முடியும்வரை அதை அழுத்தியே பிடிக்க வேண்டும். பிறகு குமிழின் பிடியை அம்புக்குறிப் பக்கம் ஆறுதலாகச் சுற்றுங்கள். 36 படத்துக்கு ஏறக்குறைய 30 சுற்று. கடைசியில் கொஞ்சம் இறுகி, சட்டென்று இலேசாகும். அதற்குப் பிறகும் இரண்டு சுற்றுச் சுற்றி, நாக்கை முழுதாக உள்ளே விடுங்கள். வெளியே நின்றால் புது றோல் என்று நினைத்து மறுபடி போட்டு, ஒரு படத்தின் மேல் இன்னொன்று விழும்.

சுற்றத் தொடங்கும்போதே பிடி இலேசாக ஓடினால் வால் கழன்றுவிட்டது என்று அர்த்தம். கதவைத் திறக்கவே கூடாது. இரவில், ஒரு கீற்று வெளிச்சமும் நுழையாத அறையில் தடவித்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைச் சுருட்டி, வெளிச்சம் புகாத கறுப்பு டப்பாவில் போட்டு மூடி, உள்ளே கழன்ற பிலிம் இருக்கிறது என்று மேலே எழுதி ஸ்டூடியோவில் கொடுங்கள். அங்கேயும் இருட்டில்தான் திறக்க வேண்டும்.