வீட்டில் சிரைவழி ஊட்டம் கொடுக்கத் தனிச் சிறப்பு மையம் எதற்கு?

குடலால் போதுமான சத்தை உறிஞ்ச முடியாதவர்களுக்குப் புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள் கலந்த திரவத்தை நேராக ரத்தத்தில் செலுத்துவதே சிரைவழி ஊட்டம். பெரும்பாலும் இரவில், 10 முதல் 14 மணி நேரம், பம்பு வழியாக வீட்டிலேயே ஏற்றலாம்.

திரவம் மிக அடர்த்தியானது. கெட்டிச் சாயத்தைச் சிறு வாய்க்காலில் விட்டால் கரை கெடும்; பெரிய ஆற்றில் விட்டால் உடனே நீர்த்துவிடும். அதனால்தான் திரவம் செல்லும் குழாயின் முனை கைச்சிரையில் நிற்காமல் இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரை வரை போகிறது. ஆபத்தும் அதே வழியில்தான்: குழாய் வாயில் ஒட்டிய கிருமி நேரே ரத்தத்தில் கலக்கும்.

ஆகவே, மையம் தொடங்குபவர்கள் கட்டடத்துக்கு முன் பயிற்சி தரும் செவிலியரைத் தேடுங்கள். கைகழுவி, குழாய் வாயை ஆல்கஹால் பஞ்சால் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, பிறகே இணைக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது காயவிடும் படிதான். நோயாளி இதைத் தவறின்றிச் செய்துகாட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தவர், இந்தத் திரவத்தைக் கலக்கும் மருந்தாளுநர். கால்சியமும் பாஸ்பேட்டும் அளவு மீறினாலோ வரிசை மாறிக் கலந்தாலோ நுண்படிவு உண்டாகி நுரையீரல் நாளங்களை அடைக்கும். கொழுப்பு சேர்ந்த வெண்ணிறப் பையில் அது கண்ணுக்கே தெரியாது. உணவியலாளர், மருத்துவர், ரத்தப் பரிசோதனை வசதியும் தேவை. 24 மணி நேரத் தொலைபேசி கட்டாயம்: ஏற்றும்போது குளிர்நடுக்கம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வரச் சொல்ல ஆள் வேண்டும்.

இதைக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதாகவே பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1 லிட்டர் 5% குளுக்கோஸில் சுமார் 170 கலோரிதான் உண்டு, புரதம் துளியும் இல்லை.